ஏழு ஆண்டுக் கணக்கு: குற்றப் பின்னணி உள்ளவர் அமெரிக்காவில் வாடகைக் கார் ஓட்ட முடியுமா?

அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில், ஊபர் அல்லது லிஃப்ட் செயலியில் சேர்ந்து சொந்தக் காரை வாடகைக்கு ஓட்ட விரும்புபவருக்கு எழுத்துத் தேர்வும் கிடையாது, நேர்காணலும் கிடையாது. ஓட்டுநர் உரிமம், காப்பீட்டுச் சான்று, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றைக் கைபேசியில் பதிவேற்றினால் போதும். மற்றதை ஒரு பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனம் பார்த்துக்கொள்ளும். அது அனுப்பும் அறிக்கைதான் விண்ணப்பதாரரின் தலையெழுத்து. பழைய அடிதடி வழக்கு, திருட்டு வழக்கு, குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்ட வழக்கு என எதுவும் பெயரில் இருந்தால், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகையில் கைதுப் பதிவோ குற்றப் பதிவோ இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. ஆகவே இது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் பிரச்சினை அல்ல. முன்பின் தெரியாத ஒருவரின் காரில் நள்ளிரவில் தனியே ஏறும் பயணிக்குப் பாதுகாப்பு வேண்டும். தண்டனையை அனுபவித்து முடித்து வெளியே வந்தவருக்குப் பிழைக்க ஒரு வழி வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே மாநிலச் சட்டங்கள் போட்டிருக்கும் கோடு, பெரும்பாலும் ஒரே எண்ணில் வந்து நிற்கிறது: ஏழு ஆண்டு.

சட்டம் வந்த கதை

செயலி வழிக் கார்கள் வருவதற்கு முன், டாக்சி ஓட்டுபவருக்கு நகராட்சியோ கவுன்டி நிர்வாகமோ தனி உரிமம் வழங்கியது. பல ஊர்களில் கைரேகை எடுத்து, மாநில நீதித்துறைக்கும் எஃப்.பி.ஐ.க்கும் அனுப்பி, பதில் வந்த பிறகுதான் உரிமம் கையில் கிடைக்கும். ஊபரும் லிஃப்டும் களத்தில் இறங்கியபோது, தாங்கள் டாக்சி நிறுவனங்களே அல்ல, ஓட்டுநரையும் பயணியையும் இணைத்துவைக்கும் தொழில்நுட்ப நிறுவனங்கள் என்று வாதிட்டன. ஓட்டுநர்கள் தங்கள் ஊழியர்கள் அல்ல, தனித்தொழில் செய்பவர்கள் என்றன. டாக்சிக்கான சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்பதே அந்த வாதத்தின் சாரம்.

இந்த இழுபறிக்கு முதலில் ஒரு வடிவம் கொடுத்தது கலிஃபோர்னியா. அம்மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு ஆணையம் 2013 செப்டம்பரில் ‘போக்குவரத்து வலைப்பின்னல் நிறுவனம்’ என்ற புதிய வகையை உருவாக்கியது. ஓட்டுநரின் குற்றப் பின்னணியைப் பார்க்க வேண்டும், வாகனம் ஓட்டிய வரலாற்றை வாங்கிப் பார்க்க வேண்டும், போதையில் ஓட்டுவதாகப் புகார் வந்தால் உடனே அவரை நிறுத்திவைக்க வேண்டும் என்று விதித்தது. 2014 ஜூனில் கொலராடோ, சட்டமன்றத்தின் வழியே இதற்கெனச் சட்டம் இயற்றிய முதல் மாநிலமானது. அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலான மாநிலங்கள் அதே வழியில் சென்றன.

நாடு முழுவதற்குமான ஒரே சட்டம் இன்றுவரை இல்லை. அதனால் ஒரே ஆள் ஒரு மாநிலத்தில் தகுதி பெற்று, எல்லை தாண்டியதும் தகுதி இழக்கக்கூடும். மாநிலச் சட்டம் சொல்வது குறைந்தபட்ச நிபந்தனை மட்டுமே. அதற்கு மேல் கடுமையான விதியை நிறுவனங்கள் தாங்களே வைத்துக்கொள்ளத் தடையில்லை.

எந்தக் குற்றம், எத்தனை ஆண்டு?

2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியாவின் ஏ.பி. 1289 சட்டத்தை எடுத்துக்கொண்டால் இந்த விதிகளின் அமைப்பு தெளிவாகப் புரியும். அது குற்றங்களை இரண்டு கூடைகளாகப் பிரிக்கிறது.

முதல் கூடையில் இருப்பவற்றுக்குக் கால வரம்பே கிடையாது. கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை போன்ற வன்முறைப் பெருங்குற்றங்களும், பயங்கரவாதம் தொடர்பான சில குற்றங்களும் இதில் அடங்கும். தேசியப் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் பெயர் இருப்பவருக்கும் அனுமதி இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததாக இருந்தாலும் கதவு திறக்காது.

இரண்டாவது கூடையில் இருப்பவற்றுக்கு ஏழு ஆண்டு வரம்பு. சிறுகுற்ற அளவிலான தாக்குதல், குடும்ப வன்முறை, மது அல்லது போதைப்பொருளின் பிடியில் வாகனம் ஓட்டியது, லஞ்சம் போன்ற சில பெருங்குற்றங்கள் ஆகியவற்றில் கடந்த ஏழு ஆண்டுகளுக்குள் தீர்ப்பாகியிருந்தால் ஓட்ட முடியாது. தகுதியற்றவரைச் சேர்க்கும் நிறுவனத்துக்கு ஒவ்வொரு மீறலுக்கும் 1,000 முதல் 5,000 டாலர் வரை அபராதம் உண்டு.

டெக்சஸ் மாநிலம் 2017-இல் இயற்றிய எச்.பி. 100 சட்டம் கணக்கை வேறு விதமாகப் போடுகிறது. அங்கே மூன்றாண்டு வரம்பு, ஏழாண்டு வரம்பு என இரண்டு உண்டு. கடந்த மூன்றாண்டுகளில் மூன்றுக்கு மேற்பட்ட போக்குவரத்து விதிமீறல்கள் இருந்தால் தகுதியில்லை. காவலர் நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் தப்பியது, கண்மூடித்தனமாக ஓட்டியது, செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டியது ஆகியவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் தகுதியில்லை. போதையில் ஓட்டியது, வாகனத்தைப் பயன்படுத்திப் பெருங்குற்றம் செய்தது, மோசடி, திருட்டு, வன்முறை ஆகியவை ஏழாண்டு வரம்புக்குள் வருகின்றன. பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் இருப்பவருக்கு அங்கேயும் இடமில்லை.

நியூயார்க் நகரம் இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. அங்கே செயலி வழியே ஓட்டுபவரும் நகரின் டாக்சி, லிமூசின் ஆணையத்திடம் உரிமம் வாங்கியாக வேண்டும். கைரேகை கொடுக்க வேண்டும், போதைப்பொருள் சோதனைக்கும் உட்பட வேண்டும். முடிவு எடுப்பது அரசு அமைப்பு. நிறுவனம் அதன் பின்னால்தான் வருகிறது.

குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு

குற்றப் பதிவுகளில் மிகப் பரவலானவற்றில் ஒன்று, வேறெந்தக் குற்றமும் செய்யாத நடுத்தரக் குடும்பத்தினரிடமும் காணப்படுவது, மதுபோதையில் வாகனம் ஓட்டிய வழக்குதான். அமெரிக்காவில் பொதுவான வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் மது. யூட்டா மட்டும் 2018 டிசம்பர் இறுதியில் அதை 50 ஆகக் குறைத்தது. விருந்து முடிந்து வீடு திரும்பும் வழியில் காவலர் நிறுத்தி ஊதச் சொல்ல, கருவி வரம்பைத் தாண்டிக் காட்டினால், பிறகு நடப்பவை இரண்டு தனித்தனிப் பாதைகளில் செல்கின்றன. ஒன்று நீதிமன்ற வழக்கு. மற்றொன்று, மாநில மோட்டார் வாகனத் துறை உரிமத்தின் மீது எடுக்கும் நடவடிக்கை. வழக்கு முடிவதற்கு முன்பே உரிமம் முடக்கப்படலாம்.

செயலியில் சேர விரும்புபவருக்கு இந்த இரண்டு பாதைகளும் முக்கியம். ஏழாண்டுக் கணக்கு ஓடுவது பொதுவாகத் தீர்ப்பு நாளிலிருந்து. பிடிபட்ட நாளிலிருந்து அல்ல. 2018 ஜூலையில் பிடிபட்ட ஒருவருக்கு 2019 மார்ச்சில் தீர்ப்பு வந்தது என்று வைத்துக்கொண்டால், அவருக்கான தடை 2025 ஜூலையில் நீங்கிவிடாது. 2026 மார்ச் வரை காத்திருக்க வேண்டும். வழக்கை இழுத்தடித்தால் நல்லது என்று நினைத்தவருக்கு, அந்த இழுத்தடிப்பே தடையின் முடிவையும் தள்ளிவைத்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல், பேரம் பேசிக் குறைக்கப்பட்ட வழக்குகள். கலிஃபோர்னியாவில் அரசு வழக்கறிஞர் ஒப்புக்கொண்டால், போதையில் ஓட்டிய குற்றச்சாட்டை மது சம்பந்தப்பட்ட கண்மூடித்தனமான ஓட்டுதல் என்று குறைத்து, அதற்குக் குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம். அபராதமும் தண்டனையும் இதில் குறைவு. ஆனால் கண்மூடித்தனமாக ஓட்டியதும் ஓட்டுநர் பதிவில் கடுமையான மீறல்தான். லிஃப்ட் போன்ற நிறுவனங்களின் விதிப்படி அதுவும் சில ஆண்டுகளுக்குத் தடையாக நிற்கும்.

தண்டனைக் காலம் முடிந்த பிறகு நீதிமன்றத்தில் மனுப்போட்டு வழக்கைத் தள்ளுபடி செய்துகொள்ளும் வழியும் கலிஃபோர்னியாவில் உண்டு. அது நீதிமன்றப் பதிவை மாற்றுமே தவிர, மோட்டார் வாகனத் துறையின் பதிவேட்டைத் தொடாது. அங்கே போதையில் ஓட்டிய குற்றம் பத்தாண்டுகள் நிற்கும். நீதிமன்றக் காகிதம் சுத்தமாக இருக்கிறது என்று நம்பி விண்ணப்பிப்பவர் பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

ஓட்டுநராகச் சேர்ந்த பிறகு வரம்பு இன்னும் இறுகுகிறது. 2018 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் கட்டணப் பயணியை ஏற்றிச் செல்பவருக்கு ரத்தத்தில் மது அளவு 40 மில்லிகிராமைத் தொட்டாலே குற்றம். சாதாரண ஓட்டுநருக்கான அளவில் இது சரிபாதி. ஊபர், லிஃப்ட் ஓட்டுநர்களும் இதற்குள் அடங்குவார்கள்.

சரிபார்ப்பு நடக்கும் விதம்

விண்ணப்பதாரரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண், உரிம எண் ஆகியவை சரிபார்ப்பு நிறுவனத்துக்குப் போகின்றன. இந்தத் தொழிலில் பெரிய பெயர் செக்கர். 2014-இல் தொடங்கப்பட்ட இந்த சான்ஃபிரான்சிஸ்கோ நிறுவனம், செயலித் தொழிலோடு சேர்ந்தே வளர்ந்தது.

ஊபரின் நடைமுறையில் முதலில் பார்க்கப்படுவது ஓட்டுநர் பதிவு. உரிமம் செல்லுபடியாகிறதா, முடக்கப்பட்டதா, எத்தனை மீறல்கள், எந்தெந்தத் தேதியில் என்ற விவரங்கள் மாநில மோட்டார் வாகனத் துறையிலிருந்து வரும். அதில் தேறினால்தான் குற்றப் பின்னணிப் பக்கம் போகிறார்கள். சமூகப் பாதுகாப்பு எண்ணை வைத்து, அவர் எந்தெந்த ஊர்களில், எந்தெந்தப் பெயர்களில் வாழ்ந்தார் என்று பட்டியல் எடுக்கப்படுகிறது. பல மாநிலங்களின் பதிவுகளைத் திரட்டி வைத்திருக்கும் தரவுத்தளத்திலும், தேசியப் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டிலும், கூட்டாட்சி நீதிமன்றப் பதிவுகளிலும் தேடுகிறார்கள். எங்காவது பெயர் சிக்கினால், அந்த கவுன்டி நீதிமன்றத்தின் மூலப் பதிவில் சரிபார்க்கிறார்கள். எல்லாப் பதிவுகளும் கணினியில் ஏறிவிடவில்லை. சில கவுன்டிகளில் ஆளை அனுப்பி, நீதிமன்ற எழுத்தரிடம் கோப்பை எடுக்கச் சொல்லித்தான் பார்க்க வேண்டும்.

யார் எந்தக் கட்டத்தில் கழிகிறார்கள் என்பதை ஊபர் 2019 டிசம்பரில் வெளியிட்ட பாதுகாப்பு அறிக்கை காட்டியது. 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் அமெரிக்காவில் இந்தச் சோதனையில் தேறவில்லை. அவர்களில் 76 சதவீதம் பேர் ஓட்டுநர் பதிவிலேயே விழுந்துவிட்டார்கள். குற்றப் பின்னணி வரை போகவே இல்லை. சிறை சென்று வந்தவர்களைத் தடுப்பதற்கான வேலியாக மக்கள் நினைப்பது, நடைமுறையில் அதிகம் தடுப்பது மோசமாக வண்டி ஓட்டியவர்களைத்தான்.

வேலியைத் தாண்டியவர்கள்

பெயரையும் எண்ணையும் நம்பி நடக்கும் இந்தச் சோதனையில் ஓட்டை இருப்பதை அடுத்தடுத்து மூன்று மாநிலங்கள் அம்பலப்படுத்தின.

முதலாவது கலிஃபோர்னியா. லாஸ் ஏஞ்சலஸ், சான்ஃபிரான்சிஸ்கோ மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் 2014 டிசம்பரில் ஊபர் மீது வழக்குத் தொடுத்தார்கள். தன் சோதனைமுறை இத்துறையிலேயே உயர்ந்தது என்று நிறுவனம் செய்த விளம்பரம் பயணிகளை ஏமாற்றுகிறது என்பது குற்றச்சாட்டு. குற்றப் பின்னணி கொண்ட 25 ஓட்டுநர்கள் சோதனையில் தேறியிருந்ததாக 2015 ஆகஸ்டில் அவர்கள் மனுவில் சேர்த்தார்கள். கொலைக் குற்றத்துக்காக 26 ஆண்டுகள் சிறையில் இருந்து, 2008-இல் பரோலில் வெளிவந்தவர் அவர்களில் ஒருவர். நீதிமன்றப் பதிவில் இருந்த பெயரும் விண்ணப்பத்தில் இருந்த பெயரும் வேறு. 2016 ஏப்ரலில் ஊபர் ஒரு கோடி டாலர் கட்டச் சம்மதித்து வழக்கை முடித்துக்கொண்டது. அந்த விளம்பர வாசகங்களையும் கைவிட்டது.

இரண்டாவது மாசசூசெட்ஸ். 2016 ஆகஸ்டில் இயற்றப்பட்ட சட்டப்படி, நிறுவனத்தின் சோதனைக்குப் பிறகு மாநில அரசும் தன் பங்குக்கு ஒரு சோதனை நடத்தியது. 2017 ஏப்ரலில் முடிவு வெளியானபோது, 70,789 பேரில் 8,206 பேர் நிராகரிக்கப்பட்டிருந்தார்கள். இவர்கள் அனைவரும் நிறுவனங்களின் சோதனையில் ஏற்கெனவே தேறியவர்கள். உரிமம் முடக்கப்பட்டது போன்ற காரணங்களுக்காகக் கழிந்தவர்கள் கணிசமானோர். பாலியல் குற்றவாளிகளாகப் பதிவானவர்கள் 51 பேர். தங்கள் சரிபார்ப்பு நிறுவனம் ஏழாண்டுக்கு முந்தைய பதிவைப் பார்க்க மாநிலச் சட்டமே இடம் தரவில்லை, அரசு மட்டும் எவ்வளவு பின்னோக்கியும் பார்க்கலாம் என்று லிஃப்ட் விளக்கம் சொன்னது. அந்த விளக்கத்தில் நியாயம் இருந்தது. இரண்டு சல்லடைகளின் கண்களும் வேறு வேறு அளவில் இருந்தன.

மூன்றாவது கொலராடோ. பயணியைத் தாக்கியதாக ஒரு ஓட்டுநர் மீது எழுந்த வழக்கை வேல் நகரக் காவல்துறை மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் பார்வைக்குக் கொண்டுசென்றது. ஆணையம் தோண்டத் தொடங்கியது. 2017 நவம்பரில் ஊபரின் துணை நிறுவனமான ரேசியருக்கு 89 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஓட்டவே கூடாத 57 பேர் ஓட்டியிருந்தார்கள் என்பது கண்டுபிடிப்பு. 12 பேருக்குப் பெருங்குற்றத் தீர்ப்பு, 17 பேருக்குக் கடும் போக்குவரத்து மீறல், 63 இடங்களில் உரிமக் கோளாறு. மூவரிடம் இருந்தது, குடித்துவிட்டு ஓட்டியவர்களுக்குக் கொடுக்கப்படும் தனி உரிமம். அந்த உரிமம் உள்ளவரின் காரில் ஒரு கருவி பொருத்தப்பட்டிருக்கும். ஊதிக் காட்டி, மது இல்லை என்று உறுதியானால்தான் இன்ஜின் கிளம்பும். உரிமத்தைப் புரட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கக்கூடிய விஷயம் அது. தகுதியில்லாத ஓட்டுநர் ஓட்டிய ஒவ்வொரு நாளுக்கும் 2,500 டாலர் என்று கணக்குப் போட்டதால் அபராதம் அந்த அளவுக்கு ஏறியது.

கைரேகைச் சண்டை

பெயரை மாற்றிச் சொல்லலாம், கைரேகையை மாற்ற முடியாது. டாக்சி ஓட்டுநர்களுக்கு இருப்பது போலச் செயலி ஓட்டுநர்களுக்கும் கைரேகையைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற கோரிக்கை இதிலிருந்துதான் எழுந்தது. அதன் பெரிய போர்க்களம் டெக்சஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டின்.

2015 டிசம்பரில் ஆஸ்டின் நகர மன்றம் கைரேகையைக் கட்டாயமாக்கியது. நிறுவனங்கள் இதை எதிர்த்துக் கையெழுத்துத் திரட்டி, பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோயின. பிரசாரத்துக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தன. 2016 மே 7 அன்று நடந்த வாக்கெடுப்பில் சுமார் 56 சதவீதம் பேர் நிறுவனங்களுக்கு எதிராக வாக்களித்தார்கள். இரண்டே நாளில் ஊபரும் லிஃப்டும் ஊரை விட்டு வெளியேறின. அந்த வெற்றிடத்தை ரைடுஆஸ்டின் என்ற லாப நோக்கமற்ற அமைப்பும் வேறு சில சிறு நிறுவனங்களும் நிரப்பின. ஓராண்டு கழித்து, 2017 மே 29 அன்று, டெக்சஸ் ஆளுநர் எச்.பி. 100 சட்டத்தில் கையெழுத்திட்டார். நகரங்களின் அதிகாரம் மாநிலத்தின் கைக்கு மாறியது, கைரேகை நிபந்தனை செல்லாமல் போனது, நிறுவனங்கள் அன்றே திரும்பி வந்தன.

நிறுவனங்களின் எதிர்ப்புக்குப் பின்னால் வியாபாரக் கணக்கு இருந்தது உண்மை. கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும், நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றால், பகுதி நேரமாக ஓட்ட நினைக்கும் பலர் பாதியிலேயே விலகிவிடுவார்கள். ஆனால் எதிர்ப்பவர்கள் சொன்ன மற்றொரு காரணத்தை ஒதுக்கிவிட முடியாது. எஃப்.பி.ஐ. பதிவில் கைது நடந்தது இருக்கும். வழக்கு என்னவானது என்பது பல நேரம் இருக்காது. ஏறத்தாழ பாதிப் பதிவுகளில் இறுதி முடிவு இல்லை என்று தேசிய வேலைவாய்ப்புச் சட்டத் திட்டம் என்ற அமைப்பு 2013-இல் சுட்டிக்காட்டியது. கைதாகி, குற்றமற்றவர் என்று விடுதலையானவரும் இதில் குற்றவாளிபோலத் தோன்றுவார். கறுப்பினத்தவர் அதிகம் கைது செய்யப்படும் நாட்டில் இந்தக் குறையின் சுமை யார் தலையில் அதிகம் விழும் என்பதை விளக்கத் தேவையில்லை. முன்னாள் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் 2016-இல் ஊபர் சார்பில் பல நகர நிர்வாகங்களுக்கு இதையே எழுதினார்.

கலிஃபோர்னியா ஆணையம் இரு தரப்பையும் கேட்டுவிட்டு, 2017 நவம்பரில் கைரேகை கட்டாயமில்லை என்று முடிவு செய்தது. நியூயார்க் நகரில் அதே நிறுவனங்கள் கைரேகையோடுதான் இயங்கிவருகின்றன. கைரேகை வந்தால் தொழில் நடக்காது என்ற வாதத்துக்கும், கைரேகை இல்லாவிட்டால் பாதுகாப்பே இல்லை என்ற வாதத்துக்கும் இடையே நாடு இன்னும் இரண்டாகப் பிரிந்தே நிற்கிறது.

மறுவாய்ப்பு

சட்டத்தின் போக்கு எப்போதும் இறுக்கும் திசையில் மட்டும் போகவில்லை. 2014 நவம்பரில் கலிஃபோர்னிய வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட முன்மொழிவு 47, சிறு திருட்டு, போலிக் காசோலை, சிறு அளவில் போதைப்பொருள் வைத்திருந்தது போன்ற வன்முறையற்ற குற்றங்களைச் சிறுகுற்றமாகக் குறைத்தது. அத்தகைய குற்றங்களில் தண்டனை பெற்றவர்கள் அம்மாநிலத்தில் ஓட்டுநராகச் சேரலாம் என்று 2016 ஜனவரியில் ஊபர் அறிவித்தது. 2018-இல் பென்சில்வேனியா, குறிப்பிட்ட காலம் வேறு குற்றமின்றி வாழ்ந்தவரின் சில பழைய பதிவுகளைத் தானாகவே முத்திரையிட்டு மூடும் சட்டத்தை நாட்டிலேயே முதலில் கொண்டுவந்தது. அப்படி மூடப்பட்ட பதிவு தனியார் சரிபார்ப்பு அறிக்கையில் இடம்பெறக் கூடாது.

தவறான அறிக்கைக்கும் பரிகாரம் உண்டு. சரிபார்ப்பு நிறுவனங்கள் 1970-ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. தண்டனையில் முடியாத கைதை, ஏழு ஆண்டுக்குப் பிறகு பொதுவாக அறிக்கையில் காட்டக் கூடாது. குற்றத் தீர்ப்பைக் காட்டக் கூட்டாட்சிச் சட்டத்தில் கால வரம்பு இல்லை. ஆனால் கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் அதற்கும் பொதுவாக ஏழாண்டு வரம்பு வைத்துள்ளன. ஒருவரை நிராகரிக்கும் முன், அறிக்கையின் நகலையும் அவருடைய உரிமைகளை விளக்கும் குறிப்பையும் அனுப்ப வேண்டும். அதே பெயர் கொண்ட வேறொருவரின் வழக்கு ஒட்டிக்கொண்டிருந்தாலோ, தள்ளுபடியான வழக்கு நிலுவையில் இருப்பதாகக் காட்டப்பட்டிருந்தாலோ ஆட்சேபிக்கலாம். பொதுவாக 30 நாள்களுக்குள் சரிபார்ப்பு நிறுவனம் மறுபடி விசாரித்துப் பதில் தர வேண்டும்.

சேர்ந்த பிறகு கண்காணிப்பு

தொடக்கத்தில் ஒருமுறை சோதனையில் தேறியவரை நிறுவனங்கள் பிறகு திரும்பிப் பார்ப்பது அரிதாக இருந்தது. 2018 ஏப்ரலில் ஊபர் ஆண்டுதோறும் மறுசோதனை நடத்தப்போவதாகவும், இடையில் புதிய வழக்குகள் பதிவானால் உடனுக்குடன் தகவல் பெறும் ஏற்பாட்டைச் செய்வதாகவும் அறிவித்தது. அந்த ஏற்பாட்டின் விளைவாக 40,000-க்கும் அதிகமான ஓட்டுநர்கள் நீக்கப்பட்டதாக 2019 அறிக்கை சொன்னது. ஒருவர் பெயரில் வாங்கிய கணக்கில் மற்றொருவர் ஓட்டுவதைத் தடுக்க, அவ்வப்போது செல்ஃபி எடுத்து முகத்தை ஒப்பிடும் முறை 2016-இல் தொடங்கியது.

புகார் வந்தால் நிறுவனம் என்ன செய்கிறது என்பதுதான் பலவீனமான கண்ணி. கலிஃபோர்னியாவில் 2014 ஆகஸ்ட் முதல் ஓராண்டில், ஓட்டுநர் போதையில் இருந்ததாக ஊபருக்கு 2,047 புகார்கள் வந்தன. அவற்றில் 574 புகார்களில் மட்டுமே ஓட்டுநர் நீக்கப்பட்டார். ஆணையத்தின் அமலாக்கப் பிரிவு 154 புகார்களை எடுத்து ஆராய்ந்தபோது, 149-இல் உடனடி இடைநீக்கம் நடந்ததற்கான ஆதாரம் கிடைக்கவில்லை. 2017 ஏப்ரலில் 11.3 லட்சம் டாலர் அபராதத்துக்குப் பரிந்துரை செய்யப்பட்டது. ஏழாண்டுக்கு முன் குடித்துவிட்டு ஓட்டியவரைத் தடுக்க அவ்வளவு சட்டம் போட்டுவிட்டு, நேற்று இரவு குடித்துவிட்டு ஓட்டியதாகப் புகார் வந்தவரை இன்றும் ஓட்டவிட்டால் அந்தச் சட்டத்துக்கு அர்த்தமில்லை.

பதிவு சொல்வதும் சொல்லாததும்

கடந்த காலப் பதிவு எதிர்காலத்துக்கு உத்தரவாதம் ஆகாது. 2016 பிப்ரவரி 20 அன்று மிச்சிகனின் காலமஸூ நகரில் ஆறு பேரைச் சுட்டுக்கொன்ற ஊபர் ஓட்டுநர் மீது அதற்கு முன் எந்தக் குற்றப் பதிவும் இல்லை. கைரேகை எடுத்திருந்தாலும், முப்பது ஆண்டுகள் பின்னோக்கிப் பார்த்திருந்தாலும் அவர் தேறியிருப்பார். 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் நடந்த 230 கோடிப் பயணங்களில், பாலியல் அத்துமீறல் குறித்து ஐந்து கடுமையான வகைகளில் 5,981 புகார்கள் வந்ததாக ஊபரே ஒப்புக்கொண்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் பயணிகளும் உண்டு. ஆனால் அந்த ஓட்டுநர்கள் எல்லோரும் பின்னணிச் சோதனையைத் தாண்டி வந்தவர்கள்தான்.

எனவே ஏழாண்டு வரம்பு ஒரு சமரசம். வன்முறைக்கும் பாலியல் குற்றத்துக்கும் பல மாநிலங்கள் நிரந்தரத் தடை வைப்பதும், ஒருமுறை குடித்துவிட்டு ஓட்டி, அதன் பிறகு ஏழாண்டு ஒழுங்காக இருந்தவருக்குக் கதவைத் திறப்பதும் நியாயமான பிரிவினையே. பயணியின் பாதுகாப்பு முழுவதையும் அந்த ஒரு எண்ணின் மேல் ஏற்றிவைப்பதுதான் தவறு. புகார் வந்த நாளிலேயே வண்டியை நிறுத்தும் கண்டிப்பு இல்லாத நிறுவனத்தில் எத்தனை சோதனை நடத்தியும் பயனில்லை.

பழைய வழக்கு உள்ளவர் விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டியவை மூன்று. மாநில மோட்டார் வாகனத் துறையிடம் தன் ஓட்டுநர் பதிவின் நகலை வாங்கிப் பார்க்க வேண்டும். நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு அங்கே உயிரோடு இருக்கலாம். தீர்ப்பு வந்த தேதியைக் கொண்டு வரம்பைக் கணக்கிட வேண்டும். கைதான தேதியைக் கொண்டு அல்ல. நிராகரிப்பு வந்தால் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, வரிக்கு வரி படித்து, தவறு இருந்தால் எழுத்து மூலம் ஆட்சேபிக்க வேண்டும். வழக்கை மறைத்து விண்ணப்பிப்பதில் பயன் இல்லை. தொடர் கண்காணிப்பு வந்துவிட்ட நிலையில், இன்று தப்பியது அடுத்த மறுசோதனையில் சிக்கும். அதற்குள் அந்த வருமானத்தை நம்பிக் கார் கடன் வாங்கியிருந்தால் இழப்பு இரட்டிப்பாகும்.